கையெழுத்து நன்று

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. குற்றவியல் இளங்கலை, முதலாண்டு. பாடம் எதுவும் தொடங்குவதற்கு முன்பே பேராசிரியர் எங்களை எழுதச் சொன்னார். உனக்கு எதில் ஆர்வம், இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய், முடித்துவிட்டு என்ன ஆகப்போகிறாய். பையன்கள் முக்கால்வாசிப் பேர் அரைப் பக்கத்தில் கதையை முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரத்தில் கோடு போட்டு, தலைப்புக்கு அடியில் இரட்டைக் கோடு இழுத்து, இரண்டு பக்கத்தையும் கடைசி வரி வரைக்கும் நிரப்பினேன்.

இப்போது அதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. எனக்கு ஓட்டப் பந்தயத்தில் ஆர்வம் உண்டாம். செய்தித்தாளில் வரும் குற்றச் செய்திகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுவது பொழுதுபோக்காம். எங்கள் பகுதிப் பெண்கள் காவல் நிலையத்தின் வாசற்படி ஏறவே பயப்படுகிறார்களாம், நான் உதவி ஆய்வாளர் ஆகி அந்தப் பயத்தைப் போக்குவேனாம். போக்கிக் கிழித்தேன். தாளின் அடியில் பேராசிரியர் சிவப்பு மையில் எழுதியது இரண்டே வார்த்தை: கையெழுத்து நன்று. ஆர்வத்தைப் பற்றியும் இலக்கைப் பற்றியும் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை போலிருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா அந்த இரண்டு வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு தெருவில் நாலு வீட்டுக்குப் போய் வந்தாள்.

அது 2006. எங்கள் வீடு கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி இருந்தது. அப்பா அங்கே ஒரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் வீட்டில் பன்னிரண்டாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். காலையில் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிப்பேன், சாயங்காலம் அதே சாலையில் திரும்புவேன். பஸ்ஸில் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கனவு.

முதலாண்டுப் பாடங்களை நான் காதலித்தேன் என்றே சொல்லலாம். சமூகவியல், உளவியல், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ஆரம்பப் பிரிவுகள். மண்டையின் வடிவத்தைப் பார்த்தே திருடனைச் சொல்லிவிடலாம் என்று நம்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவரைப் பற்றிப் படித்துவிட்டு, பஸ்ஸில் வருகிறவர்களின் காதையும் தாடையையும் ஒரு மாதம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் ஒருநாள் கேட்டேவிட்டார்: "என்னா பாப்பா, சில்லறை பாக்கி எதுவும் தரணுமா?"

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே. பேராசிரியர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். அரசாங்கம் பெரியது, போலீஸ் பெரியது, கூண்டில் நிற்கிறவன் சின்னவன், அந்தச் சின்னவனுக்காகச் சட்டம் வைத்திருக்கும் ஒரே வாசல் இது என்பார். நான் நோட்டின் முதல் பக்கத்தில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டு வைத்திருந்தேன். பதினெட்டு வயதில் இதெல்லாம் மனசைத் தொடத்தான் செய்யும்.

கைரேகை வகுப்பு முடிந்த அன்று ஸ்டாம்ப் பேடு ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மாவின் பத்து விரலையும் உருட்டி எடுத்தேன். எதிர்வீட்டு அத்தையும் விரலை நீட்டினாள். அவள் எனக்குச் சொந்தமில்லை, தெருவில் அப்படித்தான் கூப்பிடுவோம். இன்னும் நாலைந்து பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்டார்கள். அத்தை தன் நீல விரல்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"அடிப்பாவி, எங்கள எல்லாம் குத்தவாளி ஆக்கிட்டியாடி நீ?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விட ஜாஸ்தி சிரித்தேன்.

முதலாண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. ஒரு வாரம் பார்த்தார்கள், பத்து நாள் பார்த்தார்கள். அதற்குமேல் பெண்கள் பொறுக்கவில்லை. ஒருநாள் காலை நான் ஏறிய சிதம்பரம் பஸ் கிளம்பி இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் சாலையின் குறுக்கே வரிசையாகக் காலிக்குடங்கள். குடங்களுக்குப் பின்னால் எங்கள் தெரு. நட்டநடுவில், பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு என் அம்மா.

நான் இறங்கிப் போனேன். அம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் கோபம்.

"நீ ஏன்டி எறங்கினே? காலேஜிக்குப் போற பொண்ணு. போய் பஸ்ஸிலயே ஒக்காரு."

நான் உட்காரவில்லை. சாலை ஓரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் உதவி ஆய்வாளர் இறங்கினார். தொப்பி, தோளில் நட்சத்திரம், அக்குளில் இடுக்கிய லத்தி. என் இரண்டு பக்கத் தாளில் இருந்த ஆளை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"எம்மா, அரை மணி நேரம் தர்றேன். எழுந்திருக்கலன்னா எல்லாரையும் அரெஸ்ட் பண்ண வேண்டியிருக்கும்."

"பண்ணுங்க மேடம்," என்றாள் எதிர்வீட்டு அத்தை. "இன்னிக்கு ஒரு வேளை சமையல் மிச்சம்."

எங்கள் ஊர்களில் மறியலில் கைது என்றால் என்னவென்று தெரியாதவர்கள் கிடையாது. வேனில் ஏற்றுவார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள். பெயரை எழுதிக்கொண்டு மதியம் ஆளுக்கொரு சோற்றுப் பொட்டலம் கொடுப்பார்கள். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். மண்டபத்தில் மின்விசிறி ஓடும், பெண்கள் காலை நீட்டிப் படுத்துக் கதை பேசுவார்கள். இதைக் கைது என்று யாரும் நினைப்பதில்லை. போலீஸ்காரர்களும் நினைப்பதில்லை.

வேன் வந்தது. பெண்கள் குடத்தோடு ஏறினார்கள். என்னை யாரும் கைது செய்யவில்லை, ஏறு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தது. அம்மா போகிறாளே என்பது ஒரு பக்கம். போலீஸ் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாமே என்ற ஆசைதான் பெரிய பக்கம். அன்றைக்கு வகுப்பில் உளவியல். நான் நானாகவே வேனில் ஏறினேன். இதை நினைத்து என்னை நானே அறைந்துகொண்ட நாட்கள் உண்டு.

மண்டபத்தில் ஸ்டேஷன் ரைட்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயதான ஏட்டு. கண்ணாடியை ஸ்டேஷனிலேயே மறந்து வைத்துவிட்டார். தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"யாருக்காவது நல்லா எழுத வருமாம்மா?"

அம்மா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை என்னால் மறக்க முடியாது.

"எம்பொண்ணு எழுதும் சார். அது போலீசுக்குத்தான் படிக்குது. அதோட கையெழுத்தப் பாத்து காலேஜி வாத்தியாரே எழுதிக் குடுத்துருக்காரு."

"அட, நம்ம டிபார்ட்மென்ட்டு! வா பாப்பா. மொதல்ல உம் பேரையே எழுதிக் காட்டு, பாக்கலாம்."

நான் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஓரத்தில் கோடு போட்டேன். வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, முகவரி என்று ஐந்து கட்டம் பிரித்தேன். ஒன்று என்று எண் போட்டு என் பெயரை எழுதினேன். அப்பா பெயர், வயது, முகவரி, கதவு எண் எல்லாம். ரைட்டர் தாளைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்கு. அப்படியே கீழ எழுதிக்கினு போ" என்றார்.

எழுதிக்கொண்டே போனேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "நாப்பதுன்னு போடுடி" என்று ஒருத்தி சொல்ல, "போன தேர்தல்லயும் நாப்பதுதான்" என்று இன்னொருத்தி இழுக்க, மண்டபமே சிரித்தது. அம்மாவை எழுதினேன். எதிர்வீட்டு அத்தையை எழுதினேன். கதவு எண் தெரியாதவர்களுக்கு நானே நினைவிலிருந்து போட்டேன். கடைசி எண் முப்பத்தெட்டு.

முடிந்த பிறகுதான் தோன்றியது.

"சார், நான் மறியல்ல ஒக்காரல. எம் பேர அடிச்சிடட்டுமா?"

"அடிச்சா அசிங்கமா இருக்குமே பாப்பா. எப்படியும் சாயங்காலம் எல்லாரையும் விட்டுடப் போறோம். லிஸ்டுல இருக்கிற பேருக்குத்தான் பொட்டலம் வரும்."

"இருக்கட்டும்டி," என்றாள் அம்மா. "காலையிலயே சாப்புடாம ஓடினே."

நான் தாளைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வரி. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. முதல் வரியிலேயே பேனாவால் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. பொட்டலத்துக்காக விட்டேன் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். தாள் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக விட்டேன். ரைட்டர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், அவரும் அதைத்தான் நம்பினார்.

தக்காளி சாதமும் ஒரு அவித்த முட்டையும் வந்தது. உதவி ஆய்வாளர் சாயங்காலம் வந்து பட்டியலைப் புரட்டினார். "யார் எழுதினது? நல்லா இருக்கு. டிகிரி முடிச்சதும் எக்ஸாம் எழுது, வந்துடு" என்று என் தோளில் தட்டினார். வீடு வரைக்கும் நான் நடக்கவில்லை, மிதந்தேன். மறுவாரம் உள்தேர்வில் சட்டவிரோதக் கூட்டத்தைப் பற்றிக் கேள்வி வந்தது. ஐந்து பேர் அல்லது அதற்குமேல் என்று ஆரம்பித்து, சாலை மறியலை உதாரணமாகக் கொடுத்து எழுதினேன். முழு மார்க் கிடைத்தது.

இரண்டாமாண்டு நடுவில் ஒரு காவலர் சைக்கிளில் வந்து வீட்டு வாசலில் சம்மன் கொடுத்தார். அன்றைய மறியலில் யாரோ பெரிய அதிகாரியின் கார் மாட்டிக்கொண்டதாம், அதனால் கேஸை விடவில்லையாம். காரணம் அதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தாளில் இருந்தது தெரியும். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை எங்கள் கோர்ட்டில் எதிரி என்பார்கள். முதல் எதிரி நான். இரண்டு முதல் முப்பத்தெட்டு வரை, நான் எழுதிய அதே வரிசையில், எங்கள் தெரு.

மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீலிடம் எல்லோரும் போனோம். அவர் கட்டை அவிழ்த்து, நகலைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இருபது வருஷமா பாக்கறேன், இவ்வளவு தெளிவான லிஸ்ட்ட நான் பாத்ததே இல்லம்மா. எப்பவும் பேரே புரியாது. அப்பன் பேரு இருக்காது, கதவு நம்பர் தப்பா இருக்கும். சம்மன் போயே சேராது. பாதி கேஸ் அதுலயே படுத்துடும். இது எவன் எழுதினான்னு தெரியல, ஒருத்தரும் தப்பிக்க வழியில்லாம எழுதியிருக்கான்."

எதிர்வீட்டு அத்தை கூரையைப் பார்த்தாள். "நான்தான் சார் எழுதினேன்" என்றேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தார். நான் குற்றவியல் படிக்கிறேன் என்று அம்மா சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வழி இரண்டுதான் என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்ன அபராதத்தோடு ஒரே நாளில் முடிந்துவிடும். இல்லையென்றால் வழக்கை நடத்த வேண்டும், வாய்தா வாய்தாவாக இழுக்கும். பெண்கள் எல்லோருக்கும் அபராதம்தான் சரி. அடுத்த நாள் வேலைக்குப் போகலாம். அப்போது நான்தான் வாயைத் திறந்தேன். ஒப்புக்கொண்டால் தண்டனை என்று ஆகிவிடும், தண்டனை இருந்தால் எனக்குப் போலீஸ் வேலை கிடைக்காது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

எதிர்வீட்டு அத்தைதான் முதலில் சொன்னாள்: "ஏன்டி அழுவற? ஒனக்காக நாலு தடவ கோர்ட்டுக்கு வர மாட்டமா? நம்ம தெருவுல ஒரு பொண்ணு தொப்பி போடட்டும்."

நாலு தடவை இல்லை. இரண்டு வருடத்துக்குமேல் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட் தாழ்வாரத்தில் டவாலி என் பெயரைத்தான் மூன்று முறை கத்துவார், அதன் பிறகு "மற்றும் முப்பத்தேழு பேர்" என்பார். ஆலையில் பெருக்கப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், மீன் வாங்கி விற்கிறவர்கள், எல்லோரும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருவார்கள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிப்பார்கள். ஒருத்தியும் என்னிடம் முகம் சுளித்தது கிடையாது. சுளித்திருக்கலாம். எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இந்த இரண்டு வருடத்தில் நான் பட்டம் முடித்தேன். சிதம்பரத்தில் சட்டத்தைப் புத்தகத்தில் படிப்பதும், கடலூரில் அதன் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கி வழிவதுமாக ஓடியது என் படிப்பு.

கடைசியில் அன்றைய பஸ் டிரைவர் சாட்சி சொன்னார். நிறையப் பெண்கள் இருந்தார்கள், யார் யாரென்று எனக்குத் தெரியாது என்றார். அவ்வளவுதான். சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து அனைவரும் விடுதலை என்று நீதிபதி வாசித்தார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. என் நோட்டின் முதல் பக்கத்தில் கட்டம் போட்டு வைத்திருந்த வாக்கியம், எனக்கே வந்து சேர்ந்ததே என்று நினைத்தேன். வெளியே வந்து முப்பத்தெட்டு பேரும் போண்டா தின்று டீ குடித்தோம். எதிர்வீட்டு அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "இனிமே நீ எங்கள அரெஸ்ட் பண்ணலாம்டி" என்றாள்.

உதவி ஆய்வாளர் தேர்வுக்கு அறிவிப்பு வந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் விடியற்காலையில் ஓடினேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். உயரம் அளந்தார்கள், ஓடவிட்டார்கள், தாண்டவிட்டார்கள், பந்து எறியச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் தேறினேன். நேர்முகத் தேர்வும் முடிந்தது. விண்ணப்பத்தில் வழக்கு எதிலாவது சம்பந்தப்பட்டிருக்கிறாயா என்ற இடத்தில், ஆம், விடுதலை ஆகிவிட்டது என்று உண்மையைத்தான் எழுதினேன். விசாரிக்க வந்த காவலருக்கு அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அவரும் நல்லபடியாகப் பேசிவிட்டுத்தான் போனார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பகல் பதினொரு மணி, வீட்டில் நான் மட்டும் இருந்தேன். நின்றுகொண்டே படித்தேன். சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார், விதி அப்படி, ஆகவே தேர்வு செய்ய இயலாது. குற்றமே இல்லை என்று விடுவித்தால் ஒரு கணக்கு, சந்தேகம் இருக்கிறது என்று விடுவித்தால் வேறு கணக்கு. மூன்று வருடப் படிப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சின்னவனுக்காகச் சட்டம் வைத்திருக்கும் ஒரே வாசல் என்று பேராசிரியர் சொன்னாரே, அந்த வாசல் வழியாக வெளியே வந்தவர்களுக்கு முதுகில் ஒரு முத்திரை குத்தி அனுப்புகிறார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. நான் சுவரோரம் உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை. அப்பா சாப்பாட்டுக்கு வருகிற நேரம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வக்கீலிடம் தனியாகப் போனேன். சென்னையில் உயர் நீதிமன்றத்தில் கேட்டுப் பார்க்கலாம், சில பேருக்குக் கிடைத்திருக்கிறது, சில பேருக்குக் கிடைக்கவில்லை, வருடக்கணக்கில் ஆகும் என்றார். என்னால் முடியவில்லை. திரும்பவும் வழக்கு, திரும்பவும் என் பெயர், மற்றும் முப்பத்தேழு பேர். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. கேஸ் போட்டால் தெருவுக்குத் தெரிந்துவிடும். எனக்காக இரண்டு வருடம் கூலியை விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பெண்களிடம், அதெல்லாம் வீண், அன்றைக்கே அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருந்தாலும் இதே கதிதான் என்று நான் எப்படிச் சொல்வேன்? எழுந்து நின்று என்னைக் கைகாட்டிய அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?

அம்மாவிடம் மார்க் பற்றவில்லை என்றேன்.

"போவட்டும் விடு," என்றாள். "அடுத்த தடவ நல்லா படி."

கடிதத்தை முதலாண்டுத் தாளோடு சேர்த்து மடித்து ஒரே உறையில் வைத்தேன். அடுத்த தடவை, அதற்கடுத்த தடவை என்று அம்மா கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். நான் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜாமீன் மனு அடிப்பேன். குற்றவியல் பட்டம் வாங்கியவள் குற்றவியல் துறையில்தான் இருக்கிறேன் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்வேன். அங்கே மனுவில் பெயர் தப்பாக விழுந்தால் முதலாளி திட்டுவார். நான் தப்பு விடுவதே இல்லை.

2012 பிறக்கிற நேரத்தில் கடலூரைப் புயல் புரட்டிப் போட்டது. மரம், கம்பம், கூரை எதுவும் மிஞ்சவில்லை. கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் இல்லை, அதனால் தண்ணீர் இல்லை. டைப்பிங் கடையும் மூடிக் கிடந்தது. தெரு திரும்பவும் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தது. அம்மா போயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு நான் போவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. நடந்தே மண்டபத்துக்குப் போனேன். அதே மண்டபம், ஒரு பக்கம் தகரம் பிய்ந்து வானம் தெரிந்தது. ரைட்டர் வேறு ஆள், இளவயது. கையில் தாளை வைத்துக்கொண்டு, "யாராவது எழுதித் தர்றீங்களாம்மா? நான் சாப்பாட்டுக்குச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார்.

அம்மா எழுந்து நின்றாள். தலை நரைத்துவிட்டது, ஆனால் அதே முகம்.

"இதோ எம்பொண்ணே வந்துடுச்சி சார். போலீசுக்குப் படிச்சது. அது எழுதும்."

உட்கார்ந்தேன். ஓரத்தில் கோடு போட்டேன். ஒன்று என்று எண் போட்டு என் பெயரை எழுதினேன். கெடுவதற்கு என்னிடம் இனி ஒன்றுமில்லை. அந்த வரியில் யாராவது ஒருத்தி வரத்தானே வேண்டும், ஏற்கெனவே கெட்டவளாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அம்மா, எதிர்வீட்டு அத்தை, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. கையெழுத்து மட்டும் இன்னும் அச்சடித்த மாதிரியேதான் வருகிறது.

பாதியில் ஒருத்தி தன் மகளோடு வந்தாள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், புயலால் பள்ளிக்கூடம் விடுமுறை. தாயை மட்டும் எழுதினேன். மகளைப் பெயர் சொல்ல விடவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

பொட்டலம் வந்தபோது கவனித்தார்கள். பட்டியலைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டே வந்ததில் அந்தப் பெண்ணுக்கு மட்டும் இல்லை. அவள் தாய் என்னிடம் வந்து கத்தினாள்.

"பெத்த பொண்ணு பட்டினியா ஒக்காந்துருக்கு. ஒரு பேரு எழுதறதுக்கு கை வலிக்குதா ஒனக்கு? உம் பேர மட்டும் மொதல்ல எழுதிக்கின?"

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. பதில் என் வாய் வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அம்மாவும் கேட்பாள், எதிர்வீட்டு அத்தையும் கேட்பாள். நான் என் பொட்டலத்தை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு மானம் போய்விட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே அடங்கிய குரலில் சொன்னாள்:

"இவ்வளவு படிச்சி என்னாடி? ஒரு லிஸ்ட்ட ஒழுங்கா எழுதத் தெரியல உனக்கு."

"ஆமாம்மா," என்றேன். "தெரியல."

அம்மா இலையைக் கிழித்து, பாதிச் சோற்றை என் பக்கம் தள்ளி வைத்தாள்.